ரூட் இல்லாமல் சர்வீஸ் ஓட்டுவது எப்படி: சிஸ்டம்டியில் உங்களுக்கென்றே இருக்கும் மேனேஜர்

லினக்ஸில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி முடித்ததும் எல்லோரும் ஒரு இடத்தில் வந்து நிற்பார்கள். டெர்மினல் திறந்திருக்கும் வரை அது ஓடுகிறது, மூடினால் நின்றுவிடுகிறது. சிலர் நோஹப் (டெர்மினலை மூடினாலும் புரோகிராமை நிற்காமல் ஓடவைக்கும் கட்டளை) போட்டுப் பின்னால் தள்ளிவிடுவார்கள். சிலர் டிமக்ஸை (மூடினாலும் பின்னால் உயிரோடு இருக்கும் டெர்மினல்) திறந்து அதற்குள் ஓடவிட்டு வந்துவிடுவார்கள். இன்னும் சிலர் சுடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு, கணினி முழுவதற்குமான சர்வீஸாகவே, அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராமாகவே எழுதி, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓட்டுவார்கள். எனக்குப் பயம் தருவது இந்தக் கடைசி வழிதான். வீட்டுப் படங்களை பிரவுசரில் காட்டும் ஒரு சின்ன பைதான் வேலைக்கு மொத்தக் கணினியின் சாவியை எதற்குக் கொடுக்க வேண்டும்?

கொடுக்கத் தேவையில்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றிலும் இன்று சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி. லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் தொடங்கியது அது. 2011இல் ஃபெடோரா 15 அதை எடுத்துக்கொண்டது. டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் 2015இல் அதற்கு மாறின. கணினிக்கென்று ஓடும் பெரிய மேனேஜரைத் தவிர, லாகின் ஆகும் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு சின்ன மேனேஜரையும் அது எழுப்பிக் கொடுக்கிறது. அந்தச் சின்ன மேனேஜர் உங்களுடையது. அதில் எதை ஏற்ற, எதை இறக்க என்று யாரையும் கேட்க வேண்டாம். நீங்கள் ஒலியைக் கையாளும் பைப்வயர் உள்ள டெஸ்க்டாப் வைத்திருந்தால், ஸ்பீக்கரில் பாட்டு வருவதே பெரும்பாலும் இந்தச் சின்ன மேனேஜர் ஓட்டும் சர்வீஸ் வழியாகத்தான்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மேனேஜர் வேறு, கணினியின் மேனேஜர் வேறு, டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லும் வேறு. மூன்றுக்கும் தனித்தனி ஆயுள், தனித்தனி அறிவு. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இவற்றில் ஒன்றை இன்னொன்று என்று நினைப்பதால் வருபவை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேனேஜரோடு பேசும் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் என்பது சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் மூன்று எழுத்தையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியது. ஜர்னல்சிடிஎல், லாகின்சிடிஎல் இரண்டும் அதே மாதிரி. பாதி தட்டி டேப் விசையை அழுத்தினால் பல கணினிகளில் மிச்சம் தானாக நிரம்பும், எழுத்துப்பிழையும் வராது.

முதலில் மேனேஜர் இருக்கிறதா என்று பாருங்கள்

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ்

ஒரு மரம் போல உங்கள் புரோகிராம்களின் பட்டியல் வந்தால் எல்லாம் சரி. இந்தக் கட்டுரையில் எங்கேயும் இந்தக் கட்டளைக்கு முன்னால் சுடோ போடாதீர்கள். போட்டால் நீங்கள் பேசுவது உங்கள் மேனேஜரோடு இல்லை, ரூட்டின் மேனேஜரோடு. அங்கே உங்கள் சர்வீஸ் இருக்காது.

பட்டியலுக்குப் பதிலாக, பஸ்ஸோடு (மேனேஜரோடு பேசும் வழி) இணைய முடியவில்லை என்ற பிழை வந்தால் பயப்படாதீர்கள். அநேகமாக நீங்கள் வேறொரு பயனராக லாகின் செய்து, எஸ்யூ அல்லது சுடோ மூலமாக இந்தப் பயனருக்குத் தாவியிருப்பீர்கள். அப்படித் தாவினால் பொதுவாக முறையான லாகின் நடப்பதில்லை. /ரன்/யூசர்/ என்பதற்குக் கீழே உங்கள் பயனர் எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். முதல் பயனருக்கு வழக்கமாக 1000. மேனேஜரோடு பேசும் வாசல் அதற்குள்தான் இருக்கிறது, தாவி வந்த ஷெல்லுக்கு அந்த வாசல் எங்கே என்று தெரியாது. அந்தப் பயனராகவே எஸ்எஸ்ஹெச் வழியாக நேராக உள்ளே வாருங்கள், சரியாகிவிடும்.

யூனிட் கோப்பை எழுதுதல்

ஒரு சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று மேனேஜருக்குச் சொல்லும் கோப்புதான் யூனிட் கோப்பு. உங்கள் யூனிட் கோப்புகள் வீட்டு ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும். அதை உருவாக்க:

எம்கேடிஐஆர் -பி ~/.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர்

அதற்குள் படம்.சர்வீஸ் என்று ஒரு கோப்பு. பெயரை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும், தமிழ் எழுத்தில் வைத்தால் சிஸ்டம்டி அதை யூனிட்டாக ஏற்காது. ஆனால் உள்ளே விவரிப்பு வரியில் தாராளமாகத் தமிழில் எழுதலாம். ஸ்டேட்டஸ் பார்க்கும்போது அது அப்படியே தமிழில் வந்து நிற்கும். எனக்கு அதைப் பார்க்க இன்றைக்கும் பிடிக்கும்.

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=வீட்டுப் படங்கள்

[சர்வீஸ்]
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/பைதான்3 -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8080 --பைண்ட் 127.0.0.1 --டைரக்டரி %ஹெச்/படங்கள்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=5

[இன்ஸ்டால்]
வான்டட்பை=டிஃபால்ட்.டார்கெட்

பகுதிப் பெயர்களும் இடப்பக்கச் சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். எக்ஸெக்ஸ்டார்ட்டில் ஸ்டார்ட்டின் முதல் எழுத்தும், வான்டட்பையில் பையின் முதல் எழுத்தும், ரீஸ்டார்ட்செக்கில் செக்கின் முதல் எழுத்தும் பெரிய எழுத்துதான். சின்ன எழுத்தில் விட்டால் சிஸ்டம்டி அந்த வரியைப் புரியாத வரி என்று ஒதுக்கிவிடும்.

எக்ஸெக்ஸ்டார்ட் வரியை ஷெல் படிப்பதில்லை. அதனால் வீட்டைக் குறிக்கும் வளைகோடு அங்கே வேலை செய்யாது, அதன் இடத்தில் %ஹெச் போட வேண்டும். பைப் குறி, கோப்புக்குத் திருப்பிவிடும் அம்புக்குறி, இரட்டை ஆம்பர்சண்ட் எதுவும் வேலை செய்யாது. அவை கட்டாயம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, அந்த ஸ்கிரிப்டின் முழுப் பாதையை இங்கே கொடுப்பதுதான் சுத்தமான வழி. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று குறிப்பிட மறக்காதீர்கள். புரோகிராமின் பாதையையும் வேரிலிருந்து முழுதாகக் கொடுத்துப் பழகுங்கள். நோஹப்பில் செய்வது போலப் புரோகிராமைத் தானாகப் பின்னணிக்குப் போகவைக்கவும் வேண்டாம். முன்னணியிலேயே நிற்கட்டும், பிடித்து வைத்துக்கொள்வது மேனேஜரின் வேலை.

127.0.0.1 என்று கட்டியிருப்பதால் அந்தக் கணினியிலிருந்து மட்டும்தான் பக்கம் திறக்கும். வீட்டில் இருக்கும் போனிலிருந்தும் பார்க்க வேண்டுமென்றால் பைண்ட் பகுதியை எடுத்துவிடுங்கள். ஆனால் பைதானோடு வரும் இந்தச் சர்வர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான். பாதுகாப்புச் சோதனைகள் இதில் போதாது, பொது இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

ஓடவிட்டு, கொன்று பார்ப்போம்

கோப்பைச் சேமித்ததும் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்ய வேண்டும்.

சிஸ்டம்சிடிஎல் --யூசர் டீமன்-ரீலோட்
சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டார்ட் படம்
சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் படம்

பச்சைப் புள்ளியும், ஓடுகிறது என்ற வரியும், எப்போதிலிருந்து ஓடுகிறது என்ற நேரமும், பிராசஸ் எண்ணும், கீழே கடைசிச் சில லாக் வரிகளும் வரும். பலர் பச்சையைப் பார்த்ததும் போய்விடுவார்கள். நீங்கள் அந்த நேரத்தையும் பார்த்துப் பழகுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஒரு சோதனை. ஸ்டேட்டஸில் வந்த பிராசஸ் எண்ணை எடுத்து, கில் -9 போட்டுக் கொல்லுங்கள். உடனே ஸ்டேட்டஸ் பார்த்தால் மறுபடி எழக் காத்திருப்பதாகச் சொல்லும். 5 விநாடி கழித்துப் பாருங்கள்: பச்சை, வேறொரு எண். நோஹப்பால் இதைச் செய்ய முடியாது. -9 இல்லாமல் வெறும் கில் போட்டால் எழாது, அதுவும் சரிதான். அது மரியாதையாக நிறுத்தச் சொல்லும் சிக்னல் என்பதால் சிஸ்டம்டி அதைத் தோல்வியாகக் கணக்கிடுவதில்லை.

ரீஸ்டார்ட்செக் வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் விழுந்த 100 மில்லிவிநாடியில் எழுப்பும். தவறாக எழுதிய புரோகிராம் எழுந்ததும் விழும், மறுபடி எழும். 10 விநாடிக்குள் 5 முறை ஆகிவிட்டால் மேனேஜர் கைவிட்டுவிடும். அப்படி ஆகிவிட்டால், தவறைத் திருத்திவிட்டு ரீசெட்-ஃபெயில்ட் என்ற துணைக்கட்டளையைக் கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் எனேபிள் செய்ய வேண்டும்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் படம்

இனி மேனேஜர் எழும்போதெல்லாம் சர்வீஸும் எழும்.

ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது

ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ படம் -எஃப்

புரோகிராம் திரையில் எழுதுவதெல்லாம் இங்கே வரும், லாக் கோப்பு ஒன்று தனியாக வைக்க வேண்டாம். நீங்களே எழுதிய பைதான் நிரலில் பிரின்ட் வரிகள் வெகுநேரம் கழித்து மொத்தமாக வந்தால், பைதானுக்குப் பின்னால் -யூ சேர்த்து ஓட்டுங்கள். எழுதியதைத் தேக்கி வைக்காமல் உடனே விடும். லாக் கோப்பே கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், அந்தக் கணினியில் லாக் வட்டில் சேமிக்கப்படாமல் நினைவகத்தில் மட்டும் இருக்கலாம். /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கு மட்டும் நிர்வாகியின் உதவி வேண்டும்.

ஸ்டேட்டஸில் ஒரு மூன்று இலக்க எண் வரும், அதைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. 203 என்றால் புரோகிராமை ஓட்டவே முடியவில்லை: பாதை தவறு, இயக்க அனுமதி இல்லை, அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரி இல்லை. 200 என்றால் வேலை செய்யும் ஃபோல்டராக நீங்கள் சொன்ன இடத்துக்குப் போக முடியவில்லை. 216 வந்தால் அநேகமாக எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோப்பில் யூசர்= என்ற வரி இருக்கும். கணினி முழுவதற்குமான சர்வீஸுக்கு எழுதும் வரி அது. உங்கள் மேனேஜர் ஏற்கெனவே நீங்களாகத்தான் ஓடுகிறது, அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

எண்ணே இல்லாமல் ஏமாற்றும் தவறும் உண்டு. எடுத்து ஒட்டிய கோப்புகளில் வான்டட்பை வரியில் மல்டி-யூசர்.டார்கெட் என்று இருக்கும். எனேபிள் நன்றாகத்தான் நடக்கும், ஆனால் மறுமுறை சர்வீஸ் எழாது. டார்கெட் என்பது மேனேஜர் எழும்போது போய்ச் சேரும் நிலை. அந்த டார்கெட் கணினியின் மேனேஜருக்குச் சொந்தம். உங்கள் மேனேஜர் எழும்போது போய்ச் சேருவது டிஃபால்ட்.டார்கெட். அதே மாதிரி, நெட்வொர்க் வந்த பிறகு தொடங்கு என்று ஆஃப்டர் வரி எழுதினாலும் பயனில்லை. கணினியின் யூனிட்டுகள் எதுவும் உங்கள் மேனேஜரின் கண்ணுக்குத் தெரியாது. நெட்வொர்க் இல்லாமல் விழுந்தால் விழட்டும், 5 விநாடிக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் பார்த்துக்கொள்ளும்.

லாகவுட் ஆனால் என்ன ஆகும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது.

பலரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு சர்வரில் எனக்கு ஒரு சாதாரணக் கணக்கு இருந்தது. ரூட் கிடையாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தகவலை எடுத்துச் சேமிக்கும் ஸ்கிரிப்டை மேலே சொன்ன மாதிரியே சர்வீஸாக எழுதி எனேபிள் செய்திருந்தேன். தினமும் காலையில் எஸ்எஸ்ஹெச்சில் போய் ஸ்டேட்டஸ் பார்ப்பேன், பச்சையாக இருக்கும். ஆனால் சேமித்த தகவலில் இரவு முழுக்க ஓட்டை. ஸ்கிரிப்டை வரிவரியாகச் சோதித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒருநாள் தற்செயலாக அந்த நேர வரியைப் படித்தேன். "12 விநாடிக்கு முன்னால் தொடங்கியது" என்று இருந்தது. நான் லாகின் ஆகியும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது.

நான் பார்க்கப் போவதுதான் அதை எழுப்பிக்கொண்டிருந்தது. முதல் லாகினில் மேனேஜர் எழும், கூடவே எனேபிள் செய்த சர்வீஸும் எழும். கடைசி லாகினும் மூடி, இயல்பாக 10 விநாடி பொறுத்து, மேனேஜர் தன்னிடம் இருப்பதையெல்லாம் நிறுத்திவிட்டுத் தானும் போய்விடும். எத்தனை லாகின் திறந்திருந்தாலும் ஒரு பயனருக்கு ஒரு மேனேஜர்தான், கடைசி ஆள் வெளியே போகும் வரை இருக்கும்.

இதற்கு மருந்து ஒரே வரி:

லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்

லிங்கர் போட்டால் கணினி பூட் ஆகும்போதே உங்கள் மேனேஜர் எழும், நீங்கள் லாகின் ஆகாவிட்டாலும் இருக்கும், லாகவுட் ஆனாலும் போகாது. பொதுவாக உங்கள் கணக்குக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். பகிர்ந்த சர்வர்களில் மறுக்கப்பட்டால் நிர்வாகியிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். அவர் உங்கள் பெயருக்கு ஒருமுறை போட்டுக் கொடுத்தால் போதும். நடந்ததா என்று பார்க்க, /வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் ஃபோல்டரில் உங்கள் பயனர் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருக்கும்.

போட்டுவிட்டு நம்பி இருக்காதீர்கள், சோதியுங்கள். எல்லா லாகினையும் மூடுங்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து உள்ளே போய், அந்த நேர வரியைப் படியுங்கள். தேநீருக்கு முந்தைய நேரம் இருந்தால் வேலை முடிந்தது. உங்கள் வீட்டு ஃபோல்டர் லாகின் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டதாக இருந்தால் மட்டும், பூட் ஆனவுடன் மேனேஜரால் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது. நீங்கள் ஒருமுறை லாகின் ஆகித்தான் ஆக வேண்டும்.

டெர்மினலில் ஓடுகிறது, சர்வீஸில் ஓடவில்லை

ஷெல் தொடங்கும்போது படிக்கும் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிய பாதைகளும் மாறிகளும் ஷெல்லுக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அதற்கு என்ன தெரியும் என்று அதையே கேட்கலாம்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட்

ஒரே சர்வீஸுக்கு ஒரு மாறி வேண்டுமென்றால் சர்வீஸ் பகுதியில் என்விரான்மென்ட்= வரி போதும். கடவுச்சொல், ஏபிஐ சாவி போன்றவற்றை அப்படி எழுதாதீர்கள், அவை யூனிட் விவரத்தில் பளிச்சென்று தெரியும். அவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, அனுமதியை 600 (நீங்கள் மட்டும் படிக்க, எழுத) ஆக்கி, என்விரான்மென்ட்ஃபைல்= வரியில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். எல்லா சர்வீஸுக்கும் பொதுவாக வேண்டியவற்றை ~/.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி ஃபோல்டரில், கான்ஃப் என்று முடியும் கோப்பில் எழுதலாம். பைதான் விர்ச்சுவல் சூழல் வைத்திருப்பவர்கள் அதை ஆக்டிவேட் செய்ய மெனக்கெட வேண்டாம். அந்தச் சூழலுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையை எக்ஸெக்ஸ்டார்ட்டில் கொடுங்கள், அவ்வளவுதான்.

நேரம் வைத்து ஓட்ட

அப்புறம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பழைய கருவியான கிரானுக்குப் பதிலாக டைமர். படங்களை இரவில் வேறு வட்டுக்கு நகலெடுக்க, நகல்.சர்வீஸ் என்று ஒரு கோப்பு எழுதுங்கள். அதில் டைப்=ஒன்ஷாட், எக்ஸெக்ஸ்டார்ட்டில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை, இரண்டே வரி. இன்ஸ்டால் பகுதி வேண்டாம். பக்கத்திலேயே நகல்.டைமர்:

[டைமர்]
ஆன்காலண்டர்=*-*-* 02:30:00
பெர்சிஸ்டன்ட்=ட்ரூ

[இன்ஸ்டால்]
வான்டட்பை=டைமர்ஸ்.டார்கெட்

எனேபிள் செய்ய வேண்டியது டைமரை, சர்வீஸை அல்ல:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் நகல்.டைமர்
சிஸ்டம்சிடிஎல் --யூசர் லிஸ்ட்-டைமர்ஸ்

இரண்டாவது கட்டளை அடுத்த ஓட்டம் எப்போது, இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும். கிரானைவிட எனக்கு இது பிடிப்பதற்கு முக்கியக் காரணம் பெர்சிஸ்டன்ட் வரி. அதிகாலை 2:30க்கு மின்சாரம் போயிருந்தாலோ லேப்டாப் அணைந்திருந்தாலோ, தவறிய ஓட்டத்தை மேனேஜர் அடுத்து எழுந்ததும் நடத்திவிடும். முதல் முறை டைமருக்காகக் காத்திருக்காமல் நகல்.சர்வீஸைக் கையால் ஒருமுறை ஸ்டார்ட் செய்து லாகைப் பாருங்கள்.

எதற்கு இது ஆகாது

1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது, அதனால் 80லோ 443லோ நிற்க வேண்டிய வெப் சர்வர் இங்கே வராது. கணினியில் எல்லோருக்கும் பொதுவான டேட்டாபேஸையும் இங்கே வைக்காதீர்கள். ஒருவரின் கணக்கை நீக்கினால் அதுவும் போய்விடும். அதற்கெல்லாம் கணினியின் மேனேஜர்தான் சரி, அங்கேயும் ரூட்டாக ஓட்டாமல் தனிக் கணக்கு ஒன்றில் ஓட்டுவதே நல்லது.

ஒரு சர்வீஸ் வேண்டாம் என்று முடிவு செய்தால் கோப்பை முதலில் அழிக்காதீர்கள். டிசேபிள் --நவ் கொடுத்து நிறுத்துங்கள், அப்புறம் கோப்பை அழியுங்கள், டீமன்-ரீலோட் கொடுங்கள். கடைசி சர்வீஸும் போய்விட்டதென்றால் லாகின்சிடிஎல் டிசேபிள்-லிங்கர் போட்டுவிடுங்கள். பகிர்ந்த சர்வரில் யாரும் இல்லாத நேரத்தில் உங்கள் பெயரில் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது.